மிச்சம் வைத்து நடந்த ஆறு நிமிடம்

வேலை செய்த இடங்களிலெல்லாம் என்னை ஏதாவது ஒன்றால் அளந்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். கொழும்புப் பக்கத்துத் தையல் ஆலையில் மணிக்கு எத்தனை காலர் என்று எண்ணினார்கள். குவைத்தில் நான் எழுந்திருக்கும் நேரத்தை அந்த வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டாரவளைச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கணக்கு. நான் நடக்கிற தூரத்தை மட்டும் ஒருவரும் அளந்ததில்லை. அதை அளந்தது ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பதுளையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஓர் இடத்தில் தங்கி இருந்தவளும் இல்லை. "ஒங் கால்ல சக்கரம் கட்டி விட்டுருக்கான் ஆண்டவன்" என்று தங்கச்சி சரோஜா சொல்வாள். எங்கே வேலை பார்த்தாலும் இரண்டு வருடத்தில் மனம் கிளம்பிவிடும். கல்யாணம் ஒன்று நடந்து, அதுவும் நிலைக்கவில்லை. சரோஜா மட்டும் பிறந்த தோட்டத்திலேயே கொழுந்து எடுத்துக்கொண்டு, கட்டிய புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். ஸ்பிரிங்வெளிப் பக்கம், மலை உச்சியில் அவர்கள் லயம். வரிசையாகக் கட்டிய அறைகளில் கடைசி அறை அவர்களுடையது. பஸ் ரோட்டில் இறங்கினால் முதலில் குழாயடி. அங்கிருந்து சரிவாக ஏறினால் கொழுந்து நிறுக்கிற மடுவம். மடுவம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கருங்கல் படிகள். படி முடிகிற இடத்தில் லயம். இந்த வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது எல்லாம் இந்த வழியைப் பற்றியதுதான்.

சின்ன வயதில் அந்த மலையை ஓடி ஏறியிருக்கிறேன். பண்டாரவளைக் கடையில் விறகு அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், லீவுக்குப் போகும்போது மடுவத்தில் ஒரு முறை நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் குழாயடியிலும் நின்றேன். இருமல் காலையில் வந்து, பிறகு பகலிலும் வந்தது. வயதாகிறது என்று நினைத்தேன். கடைக்குள் மாவு மூட்டையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்த ஒரு நாள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கடை முதலாளி, நல்ல மனிதர், பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை வேனில் ஏற்றினார்.

முதல் பயம் காச நோய். தோட்டத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டால் டம்ளரைத் தனியாக வைப்பார்கள். சளியை டப்பியில் துப்பிக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை வார்டில் எல்லோரும் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. அது இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே எடுக்க வேண்டிய ஒரு ஸ்கேனுக்கு முதலாளியே கட்டினார். பிறகு ஊதுகிற பரிசோதனை. ஒரு குழாயை வாயில் வைத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும்.

"ஊதுங்க, ஊதுங்க, நிப்பாட்டாதீங்க, இன்னும்" என்று பரிசோதனை செய்கிற தம்பி பக்கத்தில் நின்று விரட்டினார்.

அடுப்பு ஊதி வளர்ந்த வாய். ஊதத் தெரியாதா? ஆனால் காற்று வரவில்லை. வந்தது கொஞ்சம், அதுவும் இழுத்து இழுத்து. மருந்தை உறிஞ்ச வைத்து, திரும்ப ஊதச் சொன்னார்கள். வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆஸ்துமாவாக இருந்தால் மருந்துக்குக் குழாய் திறக்குமாம். எனக்குத் திறக்கவில்லை.

டொக்டர் சிங்களவர். முன்பு தோட்டப் பக்கம் வேலை செய்திருப்பார் போல, எங்கள் தமிழ் அவருக்கு வரும். "சிகரட் பீடி இல்லன்னு சொல்றீங்க. நம்புறேன். இது வெறகு பொகை. சின்னப் புள்ளையில இருந்து உள்ளுக்கு போனது. கடையிலயும் அதே பொகை" என்றார். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்று அதற்குப் பெயர். மூச்சுக் குழாய்கள் உள்ளே தடித்துச் சுருங்கிப்போனதால், உள்ளே போகிற காற்று முழுதாக வெளியே வருவதில்லை. நான் இதை இப்படி விளங்கிக்கொண்டேன். பதுளை ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் இறங்கினால்தானே புதியவர்கள் ஏறலாம்? என் நெஞ்சில் யாரும் இறங்குவதில்லை. ஏறுகிறவர்கள் படியில் தொங்குகிறார்கள்.

"சரியாகுமா சேர்?" என்று, செய்தி கேட்டு வந்திருந்த சரோஜா கேட்டாள்.

"போனது போனதுதான். மிச்சத்த காப்பாத்தலாம்" என்றார். பிறகு, "எங்க போயி இருக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுலதான் சேர். இனிமே எங்கயும் விட மாட்டேன்."

சரோஜா அதற்குள் ஒரு கட்டில் வாங்கிவிட்டிருந்தாள். அறையின் ஒரு பக்கத்தை ஒதுக்கி, பிள்ளைகளின் பெட்டிகளை மேலே ஏற்றி, எனக்கு இடம் செய்துவிட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கும் ஓர் இடத்தில் போய் இருந்துவிடலாம் என்று தோன்றியிருந்தது. உடம்பு இப்படி ஆனதாலா, வயதாலா, தெரியாது. அந்தக் கட்டிலை நினைத்தால் நன்றாக இருந்தது.

வீடு மலை உச்சியில் என்றதும் டொக்டர் என்னைப் பார்த்தார். படுத்திருக்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் போதுமாக இருக்கலாம், நடக்கும்போது இறங்கிவிடலாம், அது ஆளுக்கு ஆள் வேறு என்றார். நடக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இறங்காவிட்டால் மருந்தோடு வீட்டுக்குப் போகலாம். இறங்கினால் ஒட்சிசன் வேண்டும், மலை உச்சியில் குடியிருப்பதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்த கட்டிலில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். ஊர் பூனாகலை. என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். அதே நோய், அதே இருமல், வாய் மட்டும் ஓயாது. நர்ஸ்மார் வைக்கிற நெபுலைசர் முகமூடியைப் போட்டுக்கொண்டே பேசுவாள்.

"ஒனக்கும் நடையா?" என்றாள்.

"ஆமா. நாளைக்கு. ஆறு நிமிசம் நடக்கணுமாம். ஏலுமான அளவு தூரம்."

"ஏலுமான அளவா? அப்பிடித்தான் சொல்லுவாங்க. மடுவத்துலயும் அப்பிடித்தான் சொன்னானுங்க. முழுசா காட்டிறாத, ஆமா. இன்னைக்கு காட்டுனா நாளைக்கு அதையே கேப்பாங்க."

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது விளக்க வேண்டாத விஷயம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் சம்பளம் முழுதாக விழ இத்தனை கிலோ கொழுந்து என்று ஓர் அளவு இருக்கும். அதை நோர்ம் என்பார்கள். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கொழுந்து நன்றாக இருக்கும் காலத்தில் யாராவது புதுப்பெண் வேகம் காட்டி அளவுக்கு மேல் நிறைய எடுத்துவிட்டால், மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், எல்லோரையும் நிற்க வைத்து, "நேத்து அந்தப் புள்ளைக்கு ஏலும்னா ஒங்களுக்கு ஏன் ஏலாது?" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அளவு ஏறிவிடும். ஆகவே யாரும் முழுப் பலத்தையும் அளக்கிறவன் கண்ணில் காட்டுவதில்லை. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு, பிந்தியவளின் நிரையிலும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்து, ஒரே வேகத்தில் போவோம். கையில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது ஏமாற்று இல்லை. நாளைக்கும் மலை ஏற வேண்டும் அல்லவா.

அந்தப் பரிசோதனை நடந்தது ஒரு நீளமான தாழ்வாரத்தில். இரண்டு முனையிலும் செம்மஞ்சள் கூம்பு வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி. உடற்பயிற்சிப் பிரிவில் வேலை செய்யும் பரீனா மிஸ் கையில் கடிகாரத்தோடு நின்றார். பதுளை டவுனில் பிறந்த முஸ்லிம் பெண், இளம் வயது. என் விரலில் ஒரு கிளிப் மாட்டினார். அது இரத்தத்தில் உள்ள ஒட்சிசனையும் நாடித் துடிப்பையும் காட்டும்.

"இந்தக் கூம்புல இருந்து அந்தக் கூம்பு. சுத்தித் திரும்பி வரணும். ஆறு நிமிசத்துல ஏலுமான அளவு தூரம் போகணும். ஓட வேணாம். மூச்சு வாங்குனா நிக்கலாம், சுவத்துல சாயலாம். ஏலுமானதும் திரும்ப நடங்க. நீங்க நின்னாலும் கடிகாரம் நிக்காது, சரியா? நான் பக்கத்துல வர மாட்டேன். கூட வந்தா என்னோட வேகத்துக்கு நடப்பீங்க."

பிறகு ஓர் அட்டையைக் காட்டினார். மூச்சு முட்டு எவ்வளவு என்று சைபரிலிருந்து பத்து வரை.

"இப்ப எவ்வளவு?"

"பரவாயில்ல மிஸ்."

"பரவாயில்லைங்கிறது இந்த அட்டையில இல்லையே உம்மா."

"அப்ப ஒன்னு போடுங்க."

நடந்தேன். கூடை சுமந்து மலையில் போகிற நடை. அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை. வேண்டுமென்று மெதுவாக நடந்தேன் என்று சொன்னால் அது சரியில்லை. யாரோ அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் கால் தானாக அந்த நடைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நிமிடமும், "நல்லா செய்யறீங்க, இன்னும் இத்தனை நிமிசம் இருக்கு" என்று ஒரே குரலில் பரீனா மிஸ் சொன்னார். அதை எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் சொல்ல வேண்டுமாம். கடைசியில், "அங்கேயே நில்லுங்க" என்றார். நான் நின்ற இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார்.

ஒட்சிசன் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. சரோஜா சுவரோரம் நின்று கும்பிட்டாள். பரீனா மிஸ் மட்டும் கிளிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தூரம் குறைவு. ஆனா நாடி ஏறவே இல்ல. நடந்த மாதிரியே இல்லையே. இன்னும் வேகமா ஏலுமா இருந்துச்சா?"

"இல்ல மிஸ். இவ்வளவுதான்."

"நாளைக்கு ஒரு தரம் நடந்து பாப்போம். முதல் தரம் எல்லாருக்கும் பழக்கம் இருக்காது."

மறுநாள்வரை நான் அங்கே நிற்கவில்லை. சரோஜாவின் புருஷன் முனியாண்டி அன்று மத்தியானமே ஒரு திரீவீல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வார்டில் வெளிச்சம், சத்தம், மருந்து வாடை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவில் ஒட்சிசன் நன்றாக இருக்கிறதுதானே என்று நானே டொக்டரிடம் கேட்டுக் கேட்டு நச்சரித்தேன். வாயில் உறிஞ்சுகிற பம்ப் மருந்தை எழுதிக்கொடுத்து, ஒரு வாரத்தில் வந்து இன்னொரு தரம் நடந்து காட்ட வேண்டும், அதுவரை மலையை ஒரே மூச்சில் ஏறக் கூடாது, மெதுவாக, நின்று நின்று என்று சொன்னார். போகலாம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

அஞ்சலை கை காட்டினாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல? மெதுவா நடந்த, சீக்கிரமா போற."

பஸ் ரோட்டில் இறங்கியபோது சாயங்கால வெயில். லயத்து ஆட்கள் சிலர் குழாயடியில் நின்றார்கள். வெளிநாடு போனவள், கொழும்பு போனவள், கடைசியில் வந்துவிட்டாள் என்று பார்க்கிற கண்கள். அவர்கள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. முனியாண்டி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். சரோஜா பின்னால். நான் நடுவில்.

தாழ்வாரத்தில் மிச்சம் வைத்து நடக்கலாம். மலையில் முடியாது. மலை ஒவ்வொரு அடிக்கும் கேட்பதைக் கேட்டு வாங்கிவிடும். குழாயடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காது அடைத்தது. முன்னால் போன முனியாண்டியின் கால் மட்டும் தெரிந்தது. மடுவத்தின் தகரம் தெரிகிறது, அங்கே போய் உட்காரலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைவு.

பிறகு தெரிந்ததைச் சொல்கிறேன். உதடு நீலமாகிவிட்டதாம். கம்பளியில் கிடத்தி நான்கு பேர் என்னைக் கீழே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தோட்டத்தில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அப்படித்தான். இடையில் ஒரு தடவை விழித்தபோது வானம் ஆடிக்கொண்டிருந்தது. "மதினி, கண்ண மூடாதீங்க. மதினி, ஏதாச்சும் பேசுங்க" என்று முனியாண்டி சொல்லிக்கொண்டே வந்தார். சாகப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட, புதுக் கட்டிலில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லையே என்பதுதான் மனதில் இருந்தது.

திரும்ப அதே ஆஸ்பத்திரி. மணிக்கட்டில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். நாடி ஓடுகிற குழாயிலிருந்து எடுக்கிற இரத்தம் அது, வலி சாதாரண ஊசியைப் போல இல்லை. மூக்கில் ஒட்சிசன் குழாய். அஞ்சலையின் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் நடந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் பேச முடிந்தது. சரோஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எனக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடக்கிறான்னுதானே எழுதினாங்க" என்றாள். "எப்பிடி நம்புறது இனிமே இவங்கள?"

"அவங்க எழுதினது சரிதான். நாந்தான் முழுசா நடக்கல."

அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் கொழுந்து எடுப்பவள். கேட்க வேண்டியதில்லை.

"அதுக்குன்னு," என்றாள், "ஆஸ்பத்திரியிலயுமாக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நர்ஸ் வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனார். தோடம்பழம் அவள் மடியில் நசுங்கிக் கிடந்தது.

மூச்சு ஓரளவு நிலைக்கு வந்த பிறகு பரீனா மிஸ் வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் வாப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. தோட்டத்துக் கணக்கு அவருக்குத் தெரியாது. நோர்ம் என்றால் என்ன, பெரட்டில் என்ன நடக்கும், ஏன் மிச்சம் வைக்கிறோம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறியது.

"அதனாலதான் நாடி ஏறல" என்றார். "உம்மா, இங்க நோர்ம் கிடையாது. நீங்க இன்னைக்கு நடந்தத நாளைக்கு யாரும் கேக்க மாட்டாங்க. எங்க முடியலைன்னு தெரியத்தான் நடக்கச் சொல்றோம். முடியாத இடம் தெரிஞ்சாத்தான் மருந்து அதுக்கேத்த மாதிரி."

அதன் பிறகு தோட்டத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும், நடக்கத் தொடங்கும் முன், "இங்க நோர்ம் இல்ல" என்று அவர் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். சிலர் நம்புவார்கள். சிலர் என்னைப் போல.

இரண்டாவது தடவை நடந்த நாளை எழுதுவது கொஞ்சம் கஷ்டம். அதே தாழ்வாரம், அதே கூம்புகள். மிச்சம் வைக்காமல் நடப்பது என்பது எனக்குத் தெரியாத வேலை. பிறந்ததிலிருந்து செய்ததில்லை. குவைத்தில் செய்ததில்லை, தையல் ஆலையில் செய்ததில்லை. நடக்கும்போது ஆட்கள் நடுவில் சேலை அவிழ்ந்தது போல இருந்தது. கால் பின்னுக்கு இழுத்தது. அதை முன்னுக்குத் தள்ளினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பஸ் நிறைந்து, படியில் ஆள் தொங்கி, கூரையிலும் ஏறினார்கள். நான் சுவரைப் பிடித்தேன். திரும்பவும் நடந்தேன். நாலாவது நிமிடத்தில் பரீனா மிஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"போதும். உக்காருங்க."

"இன்னும் நேரம் இருக்கே."

"நம்பர் ரொம்ப இறங்கிருச்சு. உக்காருங்க உம்மா."

அட்டையைக் காட்டினார். பேச வரவில்லை. ஒன்பதில் விரலை வைத்தேன். பரவாயில்லை என்று சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

டொக்டர் பதிவைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். நடந்தால் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. நடமாடும்போது ஒட்சிசன் வேண்டும். தசைகளைப் பழக்கப் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும். நுரையீரல் திரும்பாது, ஆனால் கால் தசை பழகினால் அதே மூச்சில் கூடுதல் தூரம் போகலாம். மலை உச்சி வீடு இப்போது கூடாது.

சரோஜா வெளியே போய் நின்றாள். அவள் ஒதுக்கிய இடம், மேலே ஏற்றிய பிள்ளைகளின் பெட்டிகள், எல்லாம் எனக்கு முன்னால் வந்தது. ஊர் ஊராகப் போனவளுக்கு, போக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே இடத்துக்குப் போகக் கால் இல்லை.

அன்று சாயங்காலம் முனியாண்டி வந்து விஷயத்தைக் கேட்டார். தலையைச் சொறிந்தார். "கட்டில் கனமில்ல" என்றார்.

"என்னா?"

"மதினிக்கு மேல வர ஏலாட்டி கட்டில் கீழ வரட்டும். ரோட்டோரக் கடைக்குப் பின்னுக்கு ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. கரண்டும் இருக்கு. கடைக்காரன்ட்ட கேட்டுட்டேன்."

அவரும் லயத்து ஆட்கள் மூன்று பேரும் கட்டிலைக் கருங்கல் படி வழியாக இறக்கி, மடுவத்தைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என்னைத் தூக்கி வந்த அதே ஆட்கள்தான். "மதினியவிட கட்டில் லேசு" என்று ஒருவர் சொன்னாராம். இப்போது அந்தக் கட்டிலில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அறையின் மின்சார பில்லை முனியாண்டி கட்டுகிறார். எவ்வளவு என்று சொல்ல மாட்டார்.

வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கைக்குக் கொஞ்சம் பாரம், அதே தாழ்வாரத்தில் நடை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊதுகுழலில் ஊதுவது போலத்தான், ஆனால் அடுப்பை எரிய வைக்க அல்ல, உள்ளே சிக்கிய காற்றை இறக்கிவிட. ஒரு தர்ம ஸ்தாபனத்தில் சொல்லி, தோளில் மாட்டுகிற சின்ன ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றையும் விரல் கிளிப் ஒன்றையும் இரவலாக வாங்கித் தந்தார்கள். முதலில் சிலிண்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எங்கேயும் கட்டுப்பட்டு நிற்காதவளுக்கு மூக்கில் கயிறு.

மாதங்கள் கழித்து டொக்டர், தட்டையான ரோட்டில் பழகியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவிலும் செய்து பார்க்கலாம் என்றார். துணையோடு, சிலிண்டரோடு, நின்று நின்று, கிளிப்பில் நம்பர் இறங்கினால் உடனே உட்கார வேண்டும். அப்போதிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறேன். முனியாண்டி சிலிண்டரை மாட்டிக்கொண்டு பின்னால் வருவார். குழாய் எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கும்.

"யாரு யாரக்கா மேய்க்கிறது?" என்று குழாயடியில் பெண்கள் கேட்பார்கள்.

"மாடு முன்னுக்குத்தானே போகும்" என்பேன்.

முதல் ஞாயிறு குழாயடியோடு நின்றேன். வெட்கமாக இருந்தது. சரோஜாவுக்கு ஆள் அனுப்பினேன், மேலே வர ஏலவில்லை என்று. கொஞ்ச நேரத்தில் அவள் சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பின்னால் பிள்ளைகள், கறிச் சட்டியும் தட்டுகளுமாக. குழாயடிக் கல்லில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. நான் எதுவரை ஏறுகிறேனோ, சாப்பாடு அதுவரை இறங்கி வரும். யாரும் அப்படி என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அஞ்சலையைப் பிறகு கிளினிக்கில் காணவில்லை. பூனாகலைப் பக்கம் போகிற பஸ் கண்டக்டர் ஒருவர் பண்டாரவளைக் கடைக்குச் சாப்பிட வருவார். முதலாளி மூலம் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், முழுசா நடக்கச் சொல்லுங்க என்று. போய்ச் சேர்ந்ததா தெரியாது. இதை எழுதியதில் பாதிக் காரணம் அவள்தான். அவளுக்கு வாசிக்க வராது. மகள் வாசிப்பாள் என்று சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிறு மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். விழுந்த இடத்தைத் தாண்டும்போது முனியாண்டி இன்னும் ஓரடி நெருங்கி வந்தார். மடுவத்துக்குள் தராசு தொங்குகிற கொக்கி காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நிறுக்க ஒன்றும் இல்லை. அதன் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். சரோஜா சோற்றோடு படி இறங்கி வந்தாள். பாகற்காய்க் கறி, நெத்தலிக் கருவாடு. சாப்பிட்டு முடிந்து கை கழுவிய பிறகு அவள் படிகளைப் பார்த்தாள். மேலே லயத்தின் கூரை தெரிந்தது. சின்ன மகள் அங்கிருந்து கையாட்டினாள்.

"ஆறேழு படி ஏறிப் பாக்குறியாக்கா?" என்றாள். "புள்ள பாத்துக்கிட்டு நிக்கிறா."

முன்பாக இருந்தால் ஏறியிருப்பேன், நன்றாக இருக்கிறேன் என்று காட்ட. அல்லது கால் வலிக்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். கிளிப்பைப் பார்த்தேன். நெஞ்சைக் கேட்டேன். பஸ் நிறைந்திருந்தது.

"இல்ல சரோஜா" என்றேன். "இன்னைக்கு இவ்வளவுதான். முழுசா இவ்வளவுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். படியைப் பார்த்து, "ஏய், பெரியம்மாவுக்குத் தேத்தண்ணிய கீழ கொண்டா" என்று கூப்பிட்டாள்.